கப்பல் பயணத்தில சத்தி, தலைச்சுத்து: அம்மாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போறம், என்ன ஆயத்தம் செய்யலாம்?

வெள்ளவத்தை மகள்

எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர் லீவுக்குக் குடும்பமா சிங்கப்பூர் போய், அங்கயிருந்து கப்பலில பினாங்கு, புக்கெட் சுத்திக்கொண்டு வாறதுக்கு புக் பண்ணியிருக்கிறம். அம்மாவின்ர கனநாள் ஆசை. சின்ன வயசில தலைமன்னாரில இருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பலில போனவ. அந்தக் கதையை இண்டைக்கும் சொல்லுவா.

மகளுக்கு ஏழு வயசு. மார்ச் மாதம் மிரிசையில திமிங்கிலம் பார்க்கப் போனம். படகு துறைமுகத்தைத் தாண்டின கையோட சத்தி எடுக்கத் தொடங்கினவள், திரும்பிக் கரைக்கு வருமட்டும் என்ர மடியில சுருண்டு கிடந்தாள். எல்லாரும் எழும்பி நிண்டு திமிங்கிலத்தைப் பார்க்க, பிள்ளை கண்ணே திறக்கேல்ல. அம்மாவுக்குப் பிறசர் இருக்கு, கண்ணில அழுத்தம் கூடுற குளுக்கோமாவுக்கு மருந்தும் விடுறா. எனக்குக் கடுகண்ணாவை வளைவிலயே வயித்தைப் பிரட்டும். இவருக்கு மட்டும் ஒண்டும் செய்யாது.

லண்டனில இருக்கிற அண்ணா, காதுக்குப் பின்னால ஒட்டுற பட்டி அனுப்பிறன் எண்டு சொல்லுறார். மூண்டு நாளைக்கு ஒண்டு போதுமாம். எங்களுக்குத் தந்திருக்கிற அறை பதினோராம் தட்டில, கப்பலின்ர முன்பக்கத்தில. ஏஜென்ட் "எல்லா இடமும் ஒண்டுதான்" எண்டு சொல்லுறார். அது சரிதானா? என்ன வாங்கி வைக்கவேணும், எப்ப குடுக்கவேணும்? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

ஹட்டன் பையன்

அக்கா, நான் கப்பல்ல போனதில்ல. ஆனா ஊருக்குப் பஸ்ல போய்ப் போய் இதுல பழகின ஆளு. முன் சீட்ல உக்காந்து ரோட்டையே பாக்கணும், போனை எடுக்கவே கூடாது. இஞ்சியை நசுக்கிப் போட்ட பிளேன்டீ ஒண்ணு குடிச்சிட்டுக் கிளம்பினா பாதி பிரச்சின தீரும். எலுமிச்சம்பழம் ஒண்ணக் கையில வச்சு மோந்துக்கிட்டே வருவோம். வெறும் வயித்தோடயும் போகாதீங்க, ரைஸ் அண்ட் கறி ஒரு கட்டு கட்டிட்டும் போகாதீங்க.

கொட்டாஞ்சேனை

பஸ்கோபான் ஒண்டு போடச் சொல்லுங்கோ, சத்தி நிண்டுடும். எங்கட வீட்டில எல்லா வயித்துக் குழப்பத்துக்கும் அதுதான். இல்லாட்டி டொம்பெரிடோன்.

கடலோடி

தங்கச்சி, நான் சரக்குக் கப்பலில எஞ்சின் பக்கம் வேலை செய்து ஓய்வு பெற்றவன், இப்ப தெஹிவளையில இருக்கிறன். மருந்தைப் பற்றி மருந்து தெரிஞ்சவை சொல்லட்டும். அறையைப் பற்றி நான் சொல்லுறன். எல்லா இடமும் ஒண்டு இல்லை.

கப்பல் முக்கியமா மூண்டு விதமா ஆடும். இடமும் வலமுமாச் சரியும். அணியம், அதாவது முன்பக்கம், எழும்பப் பின்பக்கம் தாழும், பிறகு மாறி நடக்கும். முழுக் கப்பலுமே அலையோட தூக்கி இறங்கும். பயணிகள் கப்பல்களில தண்ணிக்கு அடியில ரெண்டு பக்கமும் ஸ்டெபிலைசர் எண்டு செட்டைகள் நீட்டுவினம். அது பக்கச் சரிவைத்தான் குறைக்கும், அணியம் ஏறி இறங்கிறதை அதால பெரிசாத் தடுக்க ஏலாது. பார்க்கில சீசோப் பலகையில நுனியில இருக்கிற பிள்ளைதான் மேலயும் கீழயும் போகும், நடுவில கை வைச்சால் அசைவே தெரியாது. உங்கட அறை நுனியில இருக்கு. அதோட பதினோராம் தட்டு எண்டால் பக்கச் சரிவும் அங்க கூடத் தெரியும்.

ஏஜென்டிட்டத் திரும்பப் போய், நடுப்பகுதியில, கீழ்த்தட்டுகளில, யன்னல் உள்ள அறை கேளுங்கோ. மேல்தட்டு பல்கனியை விட அநேகமா விலையும் குறைவா இருக்கும். யன்னல் ஏன் எண்டால், அடிவானம் கண்ணுக்குத் தெரியவேணும். காதுக்குள்ள இருக்கிற சமநிலை உறுப்பு "ஆடுறம்" எண்டு சொல்லும். அறைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிற கண் "அசையாமல் இருக்கிறம்" எண்டு சொல்லும். ரெண்டு செய்தியும் மோதிற இடத்திலதான் இந்தக் கரைச்சல் தொடங்குது. அடிவானத்தைப் பார்த்தால் கண்ணும் காதும் ஒரே கதையைச் சொல்லும்.

இன்னொண்டு, அஞ்சாறு செக்கனுக்கு ஒருக்கால் மெள்ளமா ஏறி இறங்கிற ஆட்டம்தான் மனிசரைக் கூட வருத்தும். எஞ்சின் அதிர்வு மாதிரி வேகமான ஆட்டம் அப்படிச் செய்யாது. அதாலதான் புயலே இல்லாத நாளிலயும், வெய்யில் எறிக்க எறிக்க, ஆக்கள் சத்தி எடுப்பினம். மிரிசையில உங்கட பிள்ளைக்கு நடந்ததும் அதுவாத்தான் இருக்கும். தெற்கால திறந்த கடல், நீளமான அலை, சின்னப் படகு.

ஆனால் நீங்கள் போற பாதையைப் பற்றிப் பயப்பிடத் தேவையில்லை. மலாக்கா நீரிணையை ஒரு பக்கம் சுமாத்திராவும் மற்றப் பக்கம் மலாயாவும் மறைச்சு நிக்குது. புக்கெட் பக்கக் கடலும் டிசம்பரில அநேகமா அமைதி. இதே டிசம்பரில வங்காள விரிகுடாப் பக்கம் போறனீங்கள் எண்டால் வேற மாதிரிச் சொல்லியிருப்பன்.

புங்குடுதீவுப் பிள்ளை

கடலோடி அண்ணை சொல்லுறது சரி. 2023 ஒக்டோபரில நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் தொடங்கிக் கொஞ்ச நாளிலயே நிப்பாட்டினவை, வாடைக்காற்றுக் காலம் வந்திட்டுது எண்டு. திரும்ப 2024 ஓகஸ்டிலதான் ஓடத் தொடங்கினது. ஏறக்குறைய 60 கடல்மைல்தான், ஆனால் காத்து மாறினால் அந்தத் தூரமே காணும்.

எங்கட நெடுந்தீவு, நயினாதீவு படகுகளில பார்த்தால் விளங்கும். உள்ளுக்க இறங்கி, டீசல் மணத்துக்குள்ள, குனிஞ்சு இருக்கிற ஆக்கள்தான் முதல் விழுவினம். மேல காத்துப்படுற இடத்தில, தூரத்தில தெரியிற கரையைப் பார்த்துக்கொண்டு நிக்கிறவைக்கு ஒண்டும் செய்யாது. படகு ஓட்டுறவர் சத்தி எடுத்து நான் கண்டதில்லை, அவர்ட கண் எப்பவும் முன்னுக்குத்தான். உங்கட மகளையும் அறைக்குள்ள டெப்லெட்டோட இருத்தாதேங்கோ. மேல்தளத்தில கூட்டிக்கொண்டு திரியுங்கோ. "எத்தினை கப்பல் தெரியுது எண்டு எண்ணு" எண்டு ஒரு வேலை குடுங்கோ. மலாக்காவில கப்பலுக்குப் பஞ்சமே இராது.

மருந்தாளர்

வணக்கம். நான் கொழும்பில் மருந்துக் கடையில் பணிபுரிகிறேன். முதலில் அவசரமான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சகோதரி, அண்ணா அனுப்பும் பட்டியை உங்கள் அம்மாவுக்கு ஒட்ட வேண்டாம். குளுக்கோமா உள்ளவர்களுக்கு, அதுவும் கண்ணுக்குள் நீர் வடியும் கோணம் ஒடுங்கிய வகைக் குளுக்கோமா என்றால், அந்தப் பட்டியில் இருக்கும் ஹயோசின் கண் அழுத்தத்தைத் திடீரென்று ஏற்றிவிடக்கூடும். அது பார்வையே போகக்கூடிய ஆபத்து. வயதானவர்களுக்கு அதனால் வாய் வறளும், சலம் போவது தடைப்படும், சிலருக்குப் புத்தி தடுமாறும். பல வெளிநாடுகளில் அதை வைத்தியரின் சீட்டோடு கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. சின்னப்பிள்ளைக்கும் அது வேண்டாம், பாதியாக வெட்டி ஒட்டுவதும் கூடாது. உங்களுக்கோ கணவருக்கோ வைத்தியர் சம்மதித்தால், கப்பல் ஏறுவதற்குச் சில மணித்தியாலங்கள் முன்பே காதுக்குப் பின்னால் மயிரில்லாத தோலில் ஒட்ட வேண்டும். ஒட்டிய கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தேய்த்தால் கண்மணி விரிந்து பார்வை மங்கும்.

அடுத்தது, கொட்டாஞ்சேனை நண்பர் சொன்னது. இதைப் பலரும் நம்புகிறார்கள், ஆகவே விளக்கமாகச் சொல்கிறேன். பயண மயக்கத்துக்குப் பயன்படுவது ஹயோசின் ஹைட்ரோபுரோமைட். பஸ்கோபானில் இருப்பது ஹயோசின் பியூட்டைல்புரோமைட். பெயர் பாதி ஒன்று, வேலை வேறு. பஸ்கோபான் இரத்தத்தில் இருந்து மூளைக்குள் போகாது, குடல் பிடிப்பை மட்டும் தளர்த்தும். கப்பலில் வரும் சத்தி வயிற்றில் தொடங்குவதில்லை, மூளையில் தொடங்குகிறது. அதே காரணத்தால் டொம்பெரிடோனும் இதற்குச் சரிவராது. அதோடு, வயதானவர்களுக்கு அதை இருதயம் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஒண்டன்செட்ரோன் வேறு சத்திகளுக்கு நல்ல மருந்து, ஆனால் ஆட்டத்தால் வரும் சத்தியைத் தடுப்பதில் கைகொடுப்பதில்லை.

இதற்குப் பயன்படுவது பழைய தலைமுறை அன்டிஹிஸ்டமின்கள் (ஒவ்வாமைக்குக் கொடுக்கும் மருந்து வகை): சினரிசின், டைமென்ஹைட்ரினேட், மெக்லிசின், புரோமெதசீன். எங்கள் கடையில் நான் கூடுதலாக எடுத்துக் கொடுப்பது சினரிசின். பெரியவர்களுக்கு வழமையான அளவு பயணத்துக்கு 2 மணித்தியாலம் முன்பு 30 மில்லிகிராம், பிறகு தேவையென்றால் 8 மணித்தியாலத்துக்கு ஒருதரம் 15. ஐந்து முதல் 12 வயது வரை அதில் பாதி. கடையில் 15 மில்லிகிராம் குளிசையும் வரும், 25 உம் வரும். "ஒரு குளிசை, அரைக் குளிசை" என்ற கணக்கில் போகாமல், அட்டையில் இருக்கும் மில்லிகிராமைக் காட்டிக் கேளுங்கள். பிள்ளைக்கு எந்த மருந்தென்றாலும் அவளை வழமையாகப் பார்க்கும் வைத்தியரிடம் ஒருமுறை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

வெள்ளவத்தை மகள்

நன்றி ஐயா, பட்டியைப் பற்றி வாசிச்சவுடன அண்ணாவுக்கு அனுப்பவேண்டாம் எண்டு மெசேஜ் போட்டிட்டன். அப்ப அம்மாவுக்கு இந்தக் குளிசைகள் குடுக்கலாமோ?

மருந்தாளர்

குளுக்கோமா விஷயத்தில் இந்தக் குளிசைகளுக்கும் எச்சரிக்கை இருக்கிறது. திறந்த கோணமா ஒடுங்கிய கோணமா என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. அது அம்மாவின் கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கும். அந்தக் கொப்பியையும் பிறசர் மருந்துகளையும் கொண்டுபோய்க் கண் வைத்தியரிடமே கேளுங்கள். அதற்கு முன் ஒரு குளிசையும் வேண்டாம்.

கொட்டாஞ்சேனை

நல்ல விளக்கம் ஐயா. நான் இத்தினை நாளும் சும்மா பெயரைப் பார்த்துத்தான் வாங்கினனான். இஞ்சி பற்றி உங்கட அபிப்பிராயம்? எங்கட அம்மம்மா வேர்க்கொம்பும் பனங்கட்டியும் துணியில முடிஞ்சு கொண்டுதான் பயணமே போவா.

மருந்தாளர்

இஞ்சி குமட்டலைக் குறைக்கிறது என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு, பெரிய வித்தியாசம் இல்லை என்று முடிந்தவையும் உண்டு. சாப்பாட்டு அளவில் இஞ்சியோ வேர்க்கொம்போ எவருக்கும் தீங்கில்லை, நானும் கொண்டு போவேன். வார்ஃபரின் போல இரத்தத்தை ஐதாக்கும் மருந்து எடுப்பவர்கள் மட்டும் இஞ்சி மாத்திரைகளை அளவுக்கு மீறி எடுக்கக்கூடாது. மணிக்கட்டில் போடும் அழுத்தப் பட்டியும் அப்படித்தான், உறுதியான ஆதாரம் இல்லை, கெடுதலும் இல்லை. உள்ளங்கைப் பக்கம் மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே, இரண்டு தசை நாண்களுக்கு நடுவே அந்தக் குமிழ் பட வேண்டும். மருந்து எடுக்க முடியாத அம்மாவுக்கு அதை வாங்கிக் கொடுப்பதில் எனக்கு முழுச் சம்மதம்.

தெமட்டகொட உம்மா

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்க போன வருஷம் இதே ரூட்ல போன. என்ட மாமிக்கு சீனி வருத்தம் ஈக்கி. அவங்களுக்கு மொத நாள் ராவு ஒண்டும் வயித்துல நிக்கல்ல. சாப்பிடாமலே சீனிக் குளிசையப் போட்டுட்டாங்க. கொஞ்ச நேரத்துல கையெல்லாம் நடுங்கி வேர்த்துக் கொட்டிட்டு. நல்லவேளை, மக பக்கத்துல இருந்து குளுக்கோஸ் கரைச்சுக் குடுத்தா. சீனி வருத்தக்காரங்களக் கூட்டிட்டுப் போறவங்க, சத்தி எடுத்தா குளிசைய என்ன செய்ற, இன்சுலின் அளவ என்ன செய்ற எண்டு போறதுக்கு முந்தியே டொக்டர்ட்ட எழுதி வாங்கிக்கோங்க. இன்சுலின நம்மட இஷ்டத்துக்கு நிப்பாட்டவும் கூடாதாம். சீனி பாக்குற மெஷின ஊட்டுல வெச்சிட்டுப் போகவே வாணாம்.

புள்ளைகளுக்கு நான் கிறீம் கிறக்கர், பச்ச அப்பிள் ரெண்டும் வெச்சிருந்த. கப்பல்ல கேட்டாலே பச்ச அப்பிள் தருவாங்க. எண்ணெச் சாப்பாடு, பால், வட்டலப்பம் எல்லாம் ரெண்டாம் நாளைக்குப் பொறகு. புஃபேல எல்லாம் ஈக்கி எண்டு மொத நாளே அள்ளிப் போட்டுக்கொள்றதால தான் முக்காவாசிப் பேருக்கு கஷ்டம்.

இராமகிருஷ்ண வீதி

எனக்கு இதில மாற்றுக் கருத்து இருக்கு. குளிசையே வேண்டாம் எண்டு நினைக்கிறன். ரெண்டு மூண்டு நாளில உடம்பு தானாப் பழகும். குளிசை போட்டு நித்திரையில கிடக்கிறதுக்கு ஏன் காசு குடுத்துக் கப்பலில போகவேணும்? மனத்திடம்தான் முக்கியம்.

கடலோடி

உடம்பு பழகும் எண்டது உண்மை. பெரும்பாலான ஆக்களுக்கு ரெண்டு மூண்டு நாளில தெளியும். ஆனால் இவையின்ர பயணமே முடியிற நேரம்தான் அது. எல்லாருக்கும் பழகும் எண்டும் இல்லை. சார்ள்ஸ் டார்வின் 1831 இல பீகிள் கப்பலில ஏறி 1836 இல தான் திரும்பி வந்தார். அவ்வளவு காலமும் கடல் குழம்பினால் அவருக்கு வருத்தம்தான். படுத்தே கிடப்பாராம், முந்திரிகை வத்தல்தான் வயித்தில நிண்டதாம். கடற்படைத் தளபதி நெல்சனுக்கும் கடைசிவரைக்கும் கடல் ஒத்துக்கொள்ளேல்ல. இவைக்கு மனத்திடம் இல்லை எண்டு ஆர் சொல்லுவினம்?

இதை ஏன் அழுத்திச் சொல்லுறன் எண்டால், எங்கட கப்பல்களில புதுசா வந்த பெடியளைப் பார்த்துப் பழசுகள் நக்கலடிப்பினம். அந்தப் பெடியன் வெக்கத்தில தண்ணிகூடக் குடியாமல் படுக்கையில சுருண்டு கிடப்பான். ரெண்டாம் நாள் நாக்கு வறண்டு, கண் உள்ளுக்க போய், பேச்சுக் குழறும். நோயைச் சொல்ல வெக்கப்பட்டால் நோய் கூடும். பிள்ளையும் "அம்மா ஏசுவா" எண்டு பயந்து மறைக்கக்கூடாது. கொட்டாவி, வாயில நீர் ஊறுறது, முகம் வெளிறிறது, குளிர்ந்து வேர்க்கிறது, இதுகளில ஒண்டு கண்டவுடன வந்து சொல்லு எண்டு முன்கூட்டியே பழக்கி வையுங்கோ. அந்தக் கட்டத்தில மேல்தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனால் அநேகமாத் திரும்பிடும். ஓங்காளம் தொடங்கினாப் பிறகு கஷ்டம்.

மருந்தாளர்

கடலோடி ஐயா சொன்ன அந்த நேரக் கணக்கு மருந்துக்கும் பொருந்தும். குமட்டல் தொடங்கிவிட்டால் இரைப்பை மெதுவாகிவிடும், விழுங்கிய குளிசை அங்கேயே கிடக்கும், அல்லது சத்தியோடு வெளியே வரும். ஆகவே மருந்து எடுப்பதென்றால் கப்பல் நகர முன்பே எடுக்க வேண்டும்.

நித்திரை பற்றிய கவலை நியாயமானது. ஆனால் மருந்தை வேண்டாம் என்று ஒதுக்குவதை விட, ஆளுக்கு ஆள் பார்ப்பது நல்லது. நல்ல வழி ஒன்று உண்டு: பயணத்துக்குச் சில கிழமைகள் முன்பு, வெளியே வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஒருவருக்கு இலேசான மந்தம் மட்டும் இருக்கும், இன்னொருவர் பின்னேரம் வரை எழும்பமாட்டார். புரோமெதசீன் கூடுதலாக நித்திரை தரும், சினரிசின் ஒப்பீட்டளவில் குறைவு. சில பிள்ளைகள் இந்த மருந்துகளால் தூங்குவதற்குப் பதில் துள்ளிக் குதிப்பார்கள், அதையும் வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். அன்று வாகனம் ஓட வேண்டாம். மதுவோடு சேர்க்கவே கூடாது. பார்கின்சன் நோய் உள்ளவர்களுக்கு சினரிசின் ஆகாது, அது நடுக்கத்தைக் கூட்டும்.

வயதானவர்களைப் பொறுத்தவரை நான் சத்தியை விட விழுவதற்குத்தான் கூடப் பயப்படுகிறேன். ஆடும் கப்பல், ஈரமான தளம், படிகள், இரவில் மலசலகூடத்துக்கு எழும்புவது, இவற்றோடு நித்திரை மயக்கமும் சேர்ந்தால் இடுப்பெலும்பு முறிய அதிக நேரம் வேண்டாம்.

புங்குடுதீவுப் பிள்ளை

சத்தி வந்தே விட்டால் என்ன செய்யிறது எண்டும் எழுதுங்கோ ஐயா. எல்லாரும் தடுக்கிறதைப் பற்றித்தான் கதைக்கிறம்.

மருந்தாளர்

அறைக்குள் என்றால் மல்லாக்காகப் படுத்து, தலையை அசைக்காமல் தலையணையில் வைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். முடிந்தால் காற்றுப்படும் இடத்துக்குக் கொண்டு போங்கள். சத்தி எடுத்த கையோடு ஒரு கோப்பை தண்ணீரை மடமடவென்று குடித்தால் அதுவும் வெளியே வரும். பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, ஜீவனியை (உடம்பில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் தூள்) பைக்கட்டில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்து, தேக்கரண்டி தேக்கரண்டியாகக் கொடுங்கள். பிள்ளைக்கு இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு கரண்டி போதும். இங்கே என்றால் செவ்விளநீரும் கொடுக்கலாம். வயிறு அடங்கியதும் கிறீம் கிறக்கர், வெறும் பாண், கஞ்சி. பசியோடு விடவும் வேண்டாம்.

இவ்வளவுக்கும் அடங்காவிட்டால் கப்பலின் மருத்துவ நிலையத்துக்குப் போங்கள். அங்கே ஊசியாகப் போடும் மருந்து இருக்கும், வயிற்றை நம்பத் தேவையில்லை. அதற்குத் தனியாகப் பணம் அறவிடுவார்கள், பயணக் காப்புறுதியில் அது அடங்குகிறதா என்று இப்போதே பாருங்கள். எட்டு மணித்தியாலமாகச் சலம் போகாத பிள்ளை, ஒரு மிடறு தண்ணீரும் நிற்காதவர், குழம்பிப் பேசுபவர், சத்தியில் இரத்தம் கண்டவர், இவர்களை வைத்துக்கொண்டு விடியும் வரை காத்திருக்கக்கூடாது.

எல்லாச் சத்தியும் கடலால் வருவதும் இல்லை. வயிற்றோட்டம், காய்ச்சல், வயிற்று வலி சேர்ந்தால் நொரோவைரஸ் போன்ற தொற்றாக இருக்கலாம், கப்பல்களில் அது வேகமாகப் பரவும். கைக்குப் பூசும் ஜெல் அதற்குப் போதாது, சவர்க்காரமும் தண்ணீரும்தான். அம்மாவுக்குத் திடீரென்று தலைச்சுற்றோடு ஒரு பக்கக் கை கால் பலவீனம், வாய் கோணல், பேச்சுக் குழறல் வந்தால் அதைப் பாரிசவாதமாக நினைத்து உடனே ஆளைக் கூப்பிடுங்கள். கண் சிவந்து, கடும் வலியோடு சத்தி வந்தால் அது குளுக்கோமாவின் அறிகுறி. கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவரைப் படுக்கப்போட்டு விட்டுவிடாதீர்கள்.

இராமகிருஷ்ண வீதி

அந்தக் கண் விஷயம் நான் யோசிக்கவே இல்லை. இதை அம்மாவுக்கும் சொல்லி வையுங்கோ தங்கச்சி, வலிச்சால் அவ தானே முதல் சொல்லவேணும்.

வெள்ளவத்தை மகள்

எல்லாருக்கும் திரும்ப வணக்கம். நேற்று அம்மாவைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனனான். டொக்டர் கொப்பியைப் புரட்டிப் பார்த்திட்டு, ஒடுங்கிய கோணம் எண்டு சொன்னா. பட்டி அறவே கூடாது, இந்தக் குளிசைகளும் வேண்டாம், கண் துளியை மட்டும் ஒரு வேளையும் விடாமல் விடுங்கோ எண்டா. போத்தல் ஒண்டு கூட எழுதியும் தந்தவ, கப்பலில ஒண்டு விழுந்து உடைஞ்சால் எண்டு. அம்மாவுக்கு மணிக்கட்டுப் பட்டி வாங்கியாச்சு. அழுத்தினால் சரியா வருதோ எண்டு ஹோலில நடந்து நடந்து பார்க்கிறா. வேர்க்கொம்பும் பனங்கட்டியும் தன்ர பொறுப்பு எண்டு சொல்லிட்டா.

பிள்ளையைப் பார்க்கிற டொக்டர் சினரிசின் குடுக்கலாம் எண்டு, நிறையையும் பார்த்து அளவு எழுதித் தந்தார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில குடுத்துப் பார்த்தம். மத்தியானம் கொஞ்சம் கூட நித்திரை கொண்டாள், பின்னேரம் வழமைபோல மாடியில சைக்கிள் ஓடினாள். எனக்கும் பெரிசா ஒண்டும் செய்யேல்ல.

அறை மாத்தியாச்சு. ஏஜென்ட் முதல் சாட்டுச் சொன்னவர். நான் கப்பலின்ர படத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய், எங்கட அறை எங்க இருக்கு, எங்களுக்கு எங்க வேணும் எண்டு பேனையால வட்டம் போட்டுக் காட்டினன். அஞ்சாம் தட்டில, நடுவில, யன்னலோட கிடைச்சிட்டுது. வித்தியாசக் காசும் கொஞ்சம் திரும்பி வருது.

ரெண்டு கேள்வி மிச்சம் இருக்கு. கப்பல் சிங்கப்பூரில பின்னேரம் அஞ்சு மணிக்கு வெளிக்கிடுது. குளிசையை எத்தினை மணிக்குக் குடுக்கிறது? இறங்கினாப் பிறகும் நிலம் ஆடுற மாதிரி இருக்கும் எண்டு சொல்லினம், அதுக்கு ஏதும் செய்யவேணுமோ?

தெமட்டகொட உம்மா

மாஷா அல்லாஹ், அறை கெடச்சது நல்ல வேல. நிலம் ஆடுறது எனக்கும் இருந்த. கட்டுநாயக்கால எறங்கி ஊட்டுக்கு வந்து குளிக்கக்கொள பாத்ரூம் சுவரப் புடிச்சிட்டு நிண்ட. அடுத்த நாளே போயிட்டு.

மருந்தாளர்

அது வழமையானது, ஓரிரு நாளில் தானாக அடங்கும், மருந்து தேவையில்லை. ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள். குளிசையை மூன்று மணிக்கு, ஏதாவது சாப்பிட்ட பிறகு கொடுங்கள். சிங்கப்பூர் நேரம் எங்கள் நேரத்தை விட இரண்டரை மணித்தியாலம் முன்னுக்கு. போனில் நேரம் தானாக மாறிவிடும், கைக்கடிகாரம் மாறாது. எட்டு மணித்தியாலக் கணக்கை ஒரே மணிக்கூட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை இரவு நன்றாகத் தூங்கினால் அடுத்த வேளைக்காக எழுப்ப வேண்டாம், விடிந்ததும் கடலைப் பார்த்து முடிவு செய்யலாம்.

கடலோடி

ஒண்டு மட்டும் சேர்க்கிறன். கப்பல் ஏறுற இடத்தில பெரிய பெட்டிகளை வாங்கி விடுவினம். அது அறை வாசலுக்கு வந்து சேர இரவாகும். அதுக்குள்ள கப்பல் வெளிக்கிட்டிடும். குளிசை, ஜீவனி, கிறீம் கிறக்கர், அம்மாவின்ர கண் துளி ரெண்டு போத்தலும், மருந்துச் சீட்டுகளும், பிள்ளைக்கு மாத்துடுப்பு ஒண்டும், சத்திக்கு ரெண்டு மூண்டு பொலித்தீன் பையும் உங்கட தோள் பையிலயே இருக்கட்டும். குளிசையைக் கடை அட்டையோடயே கொண்டு போங்கோ, பிரிச்சு டப்பியில போடாதேங்கோ.

வெள்ளவத்தை மகள்

பெட்டி பிந்தி வரும் எண்டு ஏஜென்ட் ஒரு வார்த்தை சொல்லேல்ல, நான் எல்லா மருந்தையும் பெரிய பெட்டியில வைக்கத்தான் இருந்தன். இண்டைக்கே தோள் பைக்கு மாத்திறன். எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. போய் வந்து, அம்மாவுக்கு எப்பிடி இருந்தது எண்டு இங்கயே எழுதுறன், குளுக்கோமா உள்ள வேற ஆக்களுக்கும் உதவும்.